கேப்பைத் தோசையும் ஜீப்பும்

பச்சை நிறத்தில் எதைப் பார்த்தாலும் அக்கா மகளுக்கு ஆகாது. குழம்பில் மிதக்கும் கொத்தமல்லித் தழையைக்கூட நகத்தால் கிள்ளியெடுத்துத் தட்டின் விளிம்பில் ஒட்டிவைப்பாள். நாலு வயது. அங்கன்வாடியில் எடை போட்டுப் பார்த்துவிட்டு, பிள்ளை மெலிவாக இருக்கிறாள் என்று சொல்லியனுப்பினார்கள்.

அக்கா விடியும் முன்பே சிலமலை முக்கில் ஜீப்பு ஏறி, போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போய்விடுவாள். லாரி ஓட்டும் மச்சான் வெளியூர் போனால் திரும்ப வாரக்கணக்காகும். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டு வீட்டில் இருந்தேன். "நீதான் படிச்சவனாச்சே, பாத்துக்க அப்பு" என்று பாப்பாவை என்னிடம் விட்டாள்.

செல்போனில் தேடித் தேடிப் படித்தேன். எதைத் திறந்தாலும் பாதாம் கேட்டார்கள். எங்கள் அடுப்படியில் கேப்பை மாவுதான் இருந்தது. கொல்லை முருங்கையின் கீரையை நிழலில் உலர்த்திப் பொடித்து, அந்த மாவில் கலந்து தோசை ஊற்றினேன். கேப்பையின் கறுப்பில் கீரை தெரியாது என்று நினைப்பு. தொட்டுக்கொள்ள, வறுத்த நிலக்கடலையும் வெல்லமும் இடித்து வைத்தேன்.

பாப்பா தோசையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். அது கறுத்துத் துவண்டு தொங்கியது.

"தோசைக்குக் காச்சலா மாமா?"

"நல்ல தோசை தாயி. தின்னு பாரு."

"நீயே தின்னு."

கடலைப்பொடியை மட்டும் நக்கிவிட்டு எழுந்து போனாள். தினமும் இதே கதை. புத்தகம் விரித்தபடி கிடக்கிறதே என்ற எரிச்சலில் ஒருநாள் சொல்லிவிட்டேன்: "ஒழுங்கா சாப்பிடாத ஆளுகளத்தான் ஜீப்பு வந்து மலைக்குத் தூக்கிட்டுப் போகும்."

அன்றைக்கு முழுத் தோசையும் உள்ளே போனது. பிறகு கேப்பைப் புட்டு, பாசிப்பயறு, கீரைக் கூட்டுகூட. "காலி மாமா" என்று தட்டைக் கவிழ்த்துக் காட்டுவாள். எடை கூடியிருக்கிறது என்று அங்கன்வாடியில் சொன்னபோது, என் சமையலை நானே மெச்சிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் இருந்தாள். அவளே தோசை சுட்டுக் கொடுத்தாள். பாப்பா ஒரு வாய் பிய்த்து அவள் வாயருகே நீட்டினாள்.

"நீ தின்னும்மா."

"எனக்குப் பசிக்கல ஆத்தா."

"வெரசா தின்னும்மா!" பாப்பாவுக்கு அழுகை வந்துவிட்டது. "நீ சாப்பிடாமப் போறதுனாலதான் ஜீப்பு உன்னையத் தூக்கிட்டுப் போகுது. மாமா சொல்லுச்சு."

அக்கா வெறும் டீயோடுதான் தினமும் ஜீப்பு ஏறுகிறாள். பிள்ளை அதைக் கவனித்திருக்கிறாள். நான் கவனிக்கவில்லை.

"படிச்ச புள்ள நல்லாத்தான் ஊட்டியிருக்க" என்றாள் அக்கா. திட்டியிருந்தால் தேவலை. மகள் நீட்டிய துண்டை வாங்கித் தின்றாள். அழுகை அடங்கும்வரை அடுத்தடுத்துத் தின்றாள்.

பாப்பாவை மடியில் உட்காரவைத்து, "மாமா சும்மா சொன்னேன் தாயி. அம்மா சோலிக்குப் போகுது" என்றேன். தலையை ஆட்டினாள். மறுநாளிலிருந்து பாதித் தோசைதான் தின்கிறாள். மீதியைத் தள்ளிவைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள். அதை நான் எடுத்துத் தின்றுவிடுகிறேன்.

ஆனால் விடிவதற்கு முன் அவளாகவே எழுந்து வந்துவிடுகிறாள். இப்போதெல்லாம் அக்காவுக்கும் நான்தான் தோசை ஊற்றுகிறேன். அக்கா தின்று முடிக்கும்வரை பாப்பா பக்கத்தில் உட்கார்ந்து அவள் வாயையே பார்க்கிறாள். நேற்று ஜீப்பு கிளம்பிய பிறகு என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா எல்லாத்தையும் தின்னுச்சே மாமா. பெறகு ஏன் ஏத்திட்டுப் போறாங்க?"