டிசம்பர் பதின்மூன்றில் பிறந்த ரொட்டிக்காரர்

இன்று காலை நான் சந்தித்தது கஸ்பாரே மாமாவை. தற்செயலாக என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மை என்னவென்றால், பலெர்மோவிலேயே வளர்ந்த நான், டிசம்பர் பதின்மூன்றாம் தேதி ரொட்டி வாங்கக் கிளம்பிவிட்டேன். புனித லூசியா நாளில் இந்த ஊரில் யாரும் மாவுப் பண்டத்தைத் தொடமாட்டார்கள் என்பது தொட்டில் குழந்தைக்கும் தெரியும். எனக்குத்தான் தெரியவில்லை. அவர் கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. அடியில் தலையை நுழைத்து, "மாமா, ஒரு ரொட்டி!" என்றேன்.

"தலைய மட்டும் நீட்டாத, ஆமைன்னு நெனச்சு யாராவது சூப் வச்சிருவாங்க. இன்னிக்கு என்ன தேதி?"

தேதி உறைத்ததும் தலையை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். விடவில்லை. உள்ளே உட்காரவைத்து ஒரு கிண்ணம் குச்சீயாவைக் கையில் திணித்தார். வேகவைத்த முழுக் கோதுமை, அதில் சர்க்கரை போட்டுக் குழைத்த ரிக்கோத்தா பாலாடைக்கட்டி, மேலே ஆரஞ்சுத் தோல்.

"சாப்பிடு. எனக்குப் பொறந்தநாள்."

நான் திகைத்துப்போனேன். ஏனென்றால் எங்கள் தெருவில் பிறந்த அத்தனை பேருக்கும் பிறந்தநாள் கேக் சுட்டவர் இவர். என் முதல் கேக்கும் இவர் சுட்டதுதான். அதற்குள் நான் முகத்தைப் புதைத்துக்கொண்டிருக்கும் படத்தை வைத்து என் அக்கா இன்றும் என்னை மிரட்டுகிறாள்.

"மாமா, அப்போ உங்களுக்கு கேக்?"

"எனக்கா? வருஷா வருஷம் இந்தக் கோதுமைல ஒரு மெழுகுவத்தி நடுவாங்க. நான் ஊதுறதுக்குள்ள அதுவே முங்கிரும். ஒருகாலத்துல ஊரே பட்டினியாம். இந்தத் தேதில கோதுமக் கப்பல் வந்துச்சாம். எங்காளுங்களுக்கு அரைக்கக்கூடப் பொறும இல்ல, அப்படியே அவிச்சுத் தின்னுட்டாங்க. அத நெனச்சுத்தான் இன்னிவரைக்கும் இந்த நாள்ல மாவு ஆகாது. அவங்க அவசரப்பட்டாங்க, நான் அபராதம் கட்டுறேன்!"

"மறுநாள் வெட்டலாமே?"

"மறுநாளு ஊரே ரொட்டிக்குப் பேயா அலையும். அப்போ நான் தொப்பி போட்டுக்கிட்டு மெழுகுவத்தி ஊதவா?"

"யாருக்குத் தெரியப்போகுது? இன்னிக்கே ஒரு துண்டு..."

"ஏய்! கண்ணுக்குக் காவல் லூசியம்மா. நான் அடுப்ப பாத்தே பொழைக்கிறவன். அவகிட்ட வம்பு வச்சுக்குவேனா? ஆனா அவளும் ஓரளவுக்குக் கண்டுக்கமாட்டா. இன்னிக்கு ஊரே திங்குற சோத்துருண்ட இருக்கே, அது மேல மொறுமொறுன்னு இருக்கறது என்ன? ரொட்டித் தூள்! நேத்து என் கடையிலதான் மூட்டையா வாங்குனாங்க."

சிரித்தவர் சட்டென்று வாசலைப் பார்த்தார். மகள் நின்ஃபா, அவளைக் கட்டிக்கொள்ளப்போகும் லோரிஸோடு வருகிறாளாம். லோரிஸ் வடக்கே பெர்காமோவில் டயர் கடை வைத்திருக்கிறார். போன மாதம் ஆசையாகச் சோளக்களி கிண்டித் தந்திருக்கிறார். மாமா சாப்பிட்டுவிட்டு, "சுவரு பூச நல்லாருக்கும்" என்று சொல்லிவிட்டார். ஒரு வாரம் பேசாமலிருந்த நின்ஃபா நேற்றுதான் வாய் திறந்தாளாம்: "இன்னொரு தடவ அவர அவமானப்படுத்துனீங்க, கல்யாணம் பெர்காமோலதான். கேக்கும் அங்கயேதான்."

"கடைக்கு ஷட்டர் போட்டேன், வாய்க்குப் போடலையே," என்றார் மாமா. குரலில் இப்போது சிரிப்பில்லை. அந்தக் கல்யாணக் கேக்கை அவர் மனதுக்குள் எத்தனையோ வருடமாகச் சுட்டுக்கொண்டிருக்கிறார்.

ஷட்டர் தூக்கப்பட்டது. லோரிஸ் கையில் பெரிய பெட்டி. முகமெல்லாம் சிரிப்பு.

"ஐயா, பிறந்தநாள் வாழ்த்துகள்! நானே சுட்டேன்!"

பெட்டிக்குள் கேக். மாவுக் கேக். நடுவில் ஒரு பள்ளம், ஓரமெல்லாம் கருகல். பின்னால் நின்ற நின்ஃபாவின் முகம் வெளிறியது. பெட்டிக்குள் என்ன என்று அவளுக்கே தெரியாது போல. நான் கையிலிருந்த கிண்ணத்துக்குள் ஒளியமுடியுமா என்று பார்த்தேன்.

"லோரிஸ், இன்னிக்கு மாவு ஆகாதுன்னு சொன்னேனே!" என்றாள் நின்ஃபா.

"ரொட்டி ஆகாதுன்னுதானே சொன்ன? கேக் கூடவா?" பாவம், அவசரமாகப் போனைத் தட்டினார். "ஐயா, ஒரு வழி இருக்கு! பல நூறு வருஷம் முன்னாடி காலண்டர மாத்துனாங்கல்ல? பழைய கணக்குப்படி இன்னிக்கு நவம்பர் முப்பதுதான். தாராளமா சாப்பிடலாம்!"

மாமா நிதானமாகக் கேட்டார்: "அப்போ என் பொறந்தநாளும் இன்னிக்கு இல்லையே, தம்பி. பெறகு எதுக்கு கேக்கு?"

லோரிஸ் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். நின்ஃபா அப்பாவையே பார்த்தாள். மாமாவின் உதடு துடித்தது. ஒரு கிண்டல் தொண்டைவரை வந்து நிற்பது எனக்கே தெரிந்தது. விழுங்கிவிட்டார். கேக்கை இரண்டு கையாலும் தூக்கிப்போய்க் கண்ணாடி ஜன்னலில், தன் பெயர் எழுதிய பலகைக்கு நேர்கீழே வைத்தார்.

"தின்னத்தான் கூடாது. பாக்கக் கூடாதுன்னு லூசியம்மா சொல்லலையே."

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுப் ப்ரொவிதென்சா வந்து சேர்ந்தாள். அவளுக்குத் தெரிந்தால் ஊருக்குத் தெரிந்த மாதிரி.

"அடப்பாவி கஸ்பாரே! லூசியம்மா நாள்லயா? அதுவும் என்ன இது, நடுவுல கெணறு? எந்தக் குருடன் சுட்டான் இத?"

லோரிஸின் காது சிவந்துவிட்டது. அவர் வாய் திறப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார்.

"நான்தான் சுட்டேன். நேத்து. வயசாயிருச்சு ப்ரொவிதென்சா, அடுப்பு சொல்பேச்சு கேக்க மாட்டேங்குது."

"நீயா? ஓரமெல்லாம் கரியா இருக்கு!"

"தெரியுது, தெரியுது. ஊருக்கே கத்து."

அவள் கத்திக்கொண்டேதான் போனாள். காலமெல்லாம் கைப்பக்குவத்துக்குப் பேர்வாங்கிய மனிதர், அந்தப் பேரைக் கருகிய கேக்குக்குத் தானே சூட்டிவிட்டு, லோரிஸ் கையில் ஒரு கிண்ணம் குச்சீயாவைக் கொடுத்தார். நான் அழவில்லை. ஆரஞ்சுத் தோல் கண்ணில் பட்டுவிட்டது, அவ்வளவுதான். சரி, அழுதேன்.

நின்ஃபா அப்பாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

"கல்யாணக் கேக்காவது ஒழுங்கா சுடுவீங்களாப்பா?"

"அடுப்ப பெர்காமோவுக்குத் தூக்கிட்டா வரமுடியும்?"

"யாரு தூக்கச் சொன்னா? இங்கயே சுடுங்க."

மாமா திரும்பிக்கொண்டு, துடைத்த மேடையையே மறுபடி துடைத்தார்.

நாளைக் காலை கடை திறக்கும். ரொட்டி வாங்கப் போகிறவர்கள் அந்தக் கேக்கிலும் ஒரு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். முகம் சுளிக்காமல், "பிரமாதம் மாமா" என்று சொல்லுங்கள். இதைத் தமிழ் படிக்கத் தெரிந்த எல்லோருக்கும் அனுப்புங்கள். தயவுசெய்து யாரும் மொழிபெயர்த்துவிடாதீர்கள். கேக்கைச் சுட்டது யார் என்று ப்ரொவிதென்சாவுக்குத் தெரியக்கூடாது.