களிம்புக்குப் பிளாரன்ஸ் கேட்ட விலை

தருவைகுளத்தில் பிளாரன்ஸ் என் பக்கத்து வீட்டுக்காரி. யாராவது அவளைச் சீண்டினால் திருப்பிக் கொடுக்காமல் விடமாட்டாள். அதனாலேயே எனக்கு அவளைப் பிடிக்கும்.

அவள் கணவன் ரெக்சன், நாள்கணக்கில் கடலில் தங்கி மீன்பிடிக்கும் விசைப்படகில் வேலை பார்த்தான். ஒருமுறை கரை திரும்பியபோது விரல் இடுக்கெல்லாம் கொப்புளம், ஓயாத சொறி. படகு டிரைவர் ஜேசுபாதம் அவனை வேலையை விட்டு இறக்கிவிட்டதோடு நிற்கவில்லை. "கொச்சியில படகு நின்னப்ப எவகிட்டயோ போய் வாங்கிட்டு வந்திருக்கான்" என்று மீன் ஏலக்கூடத்தில் எல்லார் முன்னாலும் சொன்னார். ஊர் சிரித்தது. வேறு எந்தப் படகிலும் ரெக்சனை ஏற்றவில்லை. கோயிலில் பிளாரன்ஸ் பக்கத்தில் உட்காரப் பெண்கள் தயங்கினார்கள்.

பிளாரன்ஸ் ரெக்சனைத் தூத்துக்குடி பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். டாக்டரம்மா பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார். தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடும் பூச்சி, கண்ணுக்குத் தெரியாது. நெருக்கியடித்துப் படுத்தாலும் ஒரே போர்வையைப் போர்த்தினாலும் ஒட்டிக்கொள்ளும். அரிப்பு தெரிய சில வாரங்கள் ஆகும். படகிலோ எல்லாருக்கும் படுக்க ஒரே அறைதான். புருஷனும் பெண்டாட்டியும் களிம்பு பூசி, துணிமணிகளை வெந்நீரில் அலசினார்கள். ரெக்சன் தேறிவிட்டான்.

பிளாரன்ஸ் இதை யாரிடமும் சொல்லவில்லை. காத்திருந்தாள். அடுத்த நடை முடிந்து ஜேசுபாதமே சொறிந்துகொண்டு இறங்கினார். ஆஸ்பத்திரிக்கும் போகமுடியாது. யாராவது பார்த்துவிட்டால் அவர் கட்டிய கதை அவர் தலையிலேயே விடியும். சீக்கிரமே அவர் மனைவி சகாயராணிக்கும் அரித்தது.

ஒரு மத்தியானம் சகாயராணி பின்வாசல் வழியாக வந்தாள்.

"ஏளா பிளாரன்ஸு, ரெக்சனுக்கு நீ என்ன களிம்பு பூசுனியோ, அதுல கொஞ்சம் தாயேன்."

"தாரேன்க்கா. அண்ணாச்சி எந்த ஊருல, எவகிட்ட வாங்கினாரு?"

சகாயராணியின் முகம் செத்துவிட்டது. "அவரு அப்படிப்பட்ட ஆளு இல்லளா."

"எங்க வீட்டு ஆளு மட்டும் அப்படிப்பட்ட ஆளா? இது படுத்த இடத்துல ஒட்டுத பூச்சின்னு டாக்டரம்மா சொன்னாங்க. ஏலக்கூடத்துல சொன்னத அங்கனயே வந்து மாத்திச் சொல்லச் சொல்லுங்க. பொறவு தாரேன்."

மறுநாள் ஏலத்துக்கு நடுவே ஜேசுபாதம் வந்து நின்றார். தலையைக் குனிந்துகொண்டு, "ரெக்சனுக்கு வந்தது பொம்பள சமாச்சாரம் இல்ல. படுத்த இடத்துல ஒட்டுத பூச்சி. எனக்கும் ஒட்டிருக்கு" என்று முனகினார். பேசும்போதும் கை இடுப்பைச் சொறிந்தது. எனக்குப் பாவமாக இருந்தது.

ரெக்சனோடு கூட்டத்தில் நின்ற பிளாரன்ஸுக்கு அப்படி எதுவும் இல்லை.

"ஐஸ் லாரிப் பக்கம் நிக்கவங்களுக்குக் கேக்கல, அண்ணாச்சி. இன்னொருக்கா சொல்லுங்க."