சென்றாயன் அண்ணனின் நல்ல ரிப்போர்ட்

கன்னட எல்லையை ஒட்டிய மூக்கண்டப்பள்ளியில் ஒரு வார்ப்பட ஆலையில் என் அண்ணன் சென்றாயன் கிரேன் ஓட்டுகிறார். முப்பத்திரண்டு இரும்புப் படி ஏறினால் அவருடைய கூண்டு. இருபது வருடமாக, மேலிருந்து அவர் நகர்த்தினால்தான் கீழே உருகிய இரும்பு நகரும்.

எங்கள் அப்பா ஐம்பத்திரண்டு வயதில், வேலைக்குப் போன மாங்கூழ் ஆலையின் வாசலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து இறந்தவர். ரத்தக்குழாயில் கொழுப்பு படிந்து அடைத்துவிட்டது என்றார்கள். போர்வெல் தண்ணீர் ஓடும் குழாயில் உப்பு படிவதுபோல, வெளியே ஒன்றுமே தெரியவில்லை. அண்ணனுக்கு இப்போது ஐம்பத்தொன்று. அதனால்தான் கம்பெனியில் எடுத்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை அவர் வாட்ஸாப்பில் அனுப்பியதும் மஸ்கட்டில் வேலை பார்க்கும் நான் நிம்மதியாகத் தூங்கினேன். கொழுப்பு, சர்க்கரை எல்லாம் அளவோடு இருந்தன.

போன வாரம் அண்ணி வினோதா அழைத்தார்.

"தம்பி, படி ஏறுனா மூச்சு வாங்குதுங்கறாரு. தாடையெல்லாம் இழுக்குதாம். கேஸுதான்னு தெனமும் சோடா குடிக்கறாரு. டாக்டருகிட்ட போனோம். அவரும் அந்த ரிப்போர்ட்டப் பாத்துட்டு கேஸ் மாத்திரைதான் குடுத்தாரு."

ரிப்போர்ட்டை மறுபடி திறந்தேன். மேல் மூலையில் ரத்த வகை: ஓ பாசிட்டிவ். அண்ணனுக்கு பி நெகட்டிவ். என் மனைவியின் பிரசவத்தில் அந்த வகை கிடைக்காமல் அவர்தான் ஓடி வந்து கொடுத்தார்.

உடனே அழைத்தேன். அண்ணன் ஷிப்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தார்.

"அண்ணா, அது யாரு ரத்தம்?"

சிரித்தார். "கண்டுபுடிச்சிட்டயா? வெல்டிங் மோகன்குமாருது. கபடி ஆடறவன், ரத்தம் சுத்தமா இருக்கும். என் டோக்கனக் குடுத்து அனுப்பிட்டேன்."

"ஏன்ணா?"

"கொழுப்பு ஏறியிருந்தா கிரேன்ல இருந்து எறக்கி ஸ்டோர்ல ஒக்கார வெப்பாங்கடா. கருப்பசாமிய அப்படித்தான் எறக்குனாங்க. இப்ப போறவன் வர்றவனெல்லாம், 'என்ன மாமா, தரை குளுகுளுன்னு இருக்கா?'ங்கறான்."

"டாக்டரு மோகன்குமாருக்குத்தான் வைத்தியம் பாத்திருக்காரு, உனக்கில்ல. இன்னிக்கி ஏறாத. நேரா ஆஸ்பத்திரிக்குப் போ."

"சனிக்கெழம போறேன். சைரன் அடிச்சாச்சு, வெய்யிடா."

துண்டிக்காமலே போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டார். இரும்புப் படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. என்னையறியாமல் எண்ணினேன். பன்னிரண்டில் மெதுவானது. பத்தொன்பதில் நின்றது. கீழேயிருந்து யாரோ கன்னடத்தில் அவசரப்படுத்தினார்கள்.

"அண்ணா, எறங்கு!" என்று கத்தினேன்.

இருபதாவது படியின் சத்தம் வரவில்லை.