வடைக் காந்தமும் அக்காவின் தாலிக்கொடியும்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். சண்டைக்காலத் தடையால் கரண்ட் இல்லை, பற்றறி இல்லை, மண்ணெண்ணெயைச் சின்னப் போத்திலில் அளந்து விற்ற காலம். அதற்குள்தான் சைக்கிள் டைனமோவால் ரேடியோவைப் பாடவைத்தேன். செத்துப்போன பிரிட்ஜின் கதவுக்குக் காந்தம் பூட்டி, எலி நுழையாத நெல்லுப்பெட்டி ஆக்கினேன். எங்கள் குசினிச் சுவரில் கத்தியும் கத்தரிக்கோலும் ஆணியில்லாமல் தொங்கின. என் சைக்கிள் கடை மண்ணில் சிந்திய பெயாரிங் குண்டுகளைக் குனியாமலே தடி நுனியால் பொறுக்கினேன். இன்றைக்கும் என் நாரி எலும்பு நேராக நிற்கிறதென்றால் சும்மாவா?

ரேடியோவைத் தவிர மற்றதெல்லாம் ஒரே சாமானால் செய்தது. உடைந்த ஸ்பீக்கரின் பின்பக்கத்தைக் கழற்றினால் கறுப்பாய், நடுவில் ஓட்டையோடு ஒரு காந்தம் வரும். பார்த்தால் கருகின உழுந்து வடைதான். விழுந்தால் பீங்கான் கோப்பை மாதிரி உடையும். அதனால் சைக்கிள் ரியூப்பை வெட்டிச் சுற்றிவிடுவேன்.

ஒருநாள் காலை, பக்கத்து வீட்டு அக்கா குளிக்கும்போது தாலிக்கொடியின் கொளுக்கி கழன்று, கொடி கிணற்றுக்குள் போய்விட்டது. இறைத்து வற்றவைக்க மிசினுக்கு எண்ணெய் இல்லை. வாளி எடுக்கிற கொக்கியால் துழாவியும் ஒன்றும் அகப்படவில்லை. அக்கா கிணற்றுக் கட்டைவிட்டு அசையவில்லை.

“கொடி கழுத்திலை ஏறாமல் என்ரை வாயிலை தண்ணியும் படாது.”

நான் வடையைக் கயிற்றில் கட்டிக்கொண்டு போனேன். முன்வீட்டு வாத்தியார் சிரித்தார்.

“பவுண் காந்தத்திலை ஒட்டாது. நாலாம் வகுப்புக்குப் போயிருந்தால் உமக்குத் தெரிஞ்சிருக்கும்.”

“ஓம் வாத்தியார். இந்தக் கயித்தைக் கொஞ்சம் பிடியுங்கோ.”

முதலில் துருப்பிடித்த வாளிப்பிடி வந்தது. அடுத்து பூட்டுத் திறப்பு ஒன்று. வாத்தியாரின் மனைவி பாய்ந்து வந்தார்.

“எங்கடை அலுமாரித் திறப்பு! நான் துலைச்சனெண்டெல்லே மூண்டு வருசமாய் என்னை ஏசினவர்! இந்தக் கிணத்திலை தண்ணி அள்ள வந்தது ஆர், நீங்களெல்லே?”

வாத்தியார் அவசரமாய்க் கயிற்றைத் திரும்பக் கிணற்றுக்குள் விட்டார்.

மூன்றாந்தரம் தாலிக்கொடி மின்னிக்கொண்டு மேலே வந்தது. ஒருவரும் கைதட்டவில்லை. வாத்தியார் கத்தினார்.

“ஒட்டினதெண்டால் இது பவுண் இல்லை!”

அக்கா புருசன் பக்கம் திரும்பினா. “அப்ப இருவது வருசமாய் என்னத்தையப்பா என்ரை கழுத்திலை கட்டிவிட்டிருக்கிறியள்?”

“நான் என்னத்தைக் கண்டன்? செய்த பத்தரைப் போய்க் கேள்!” அத்தானுக்கு முகம் வெளிறிவிட்டது.

“கொஞ்சம் பொறுங்கோ,” என்றேன். கொடியில் ஐந்து சேப்டிப்பின் கொழுவியிருந்தது. காந்தம் பிடித்தது அதுகளைத்தான். எங்கள் பெண்டுகள் பின் கொழுவி வைக்கிற இடம் தாலிக்கொடிதானே. என் மனுசி தன் கொடியில் கிடக்கிற பின்னைக் கழற்றித்தான் என் காலில் முள் எடுப்பா. அதை நினைத்துத்தான் வடையை இறக்கினேன்.

பின்களைக் கழற்றிவிட்டு வெறுங்கொடியை வடையில் வைத்தேன். வழுக்கிக்கொண்டு விழுந்தது.

“பாத்தியே, சுத்தப் பவுண்!” என்று அத்தான் துள்ளினார்.

அக்கா கொடியை வாங்கினா. “தம்பி, அந்தப் பின்னுகளையும் தா.” ஐந்தையும் எண்ணிக் கொழுவிய பிறகுதான் தேத்தண்ணி குடித்தா.

வாத்தியார் இன்றைக்கும் வாசிகசாலையில், “விஞ்ஞான முறைப்படி நாங்கள் எடுத்தனாங்கள்” என்கிறார். நாங்களாம்! அவர் பிடித்தது கயிற்று நுனி. வடை என்னுடையது, பின்னை நினைத்த மண்டையும் என்னுடையது. இனி ஆர் இந்தக் கதையைச் சொன்னாலும் என் பேரை முதலில் சொல்லவேண்டும். அடுத்தது கயிறு. வாத்தியார் அதற்குப் பிறகு வரட்டும்.