டிராயரில் இருந்த சாவி

கொட்டாரத்துப் பக்கம் நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில், ஆசிரியைகளின் கழிப்பறைச் சாவி தலைமையாசிரியரின் மேசை டிராயரில் இருந்தது. திறந்து போட்டால் பிள்ளைகள் அசிங்கம் பண்ணிவிடுவார்களாம். சாவி கேட்டால், எதிரில் யார் உட்கார்ந்திருந்தாலும், "இப்பந்தானே டீச்சர் போயிட்டு வந்திய?" என்பார். அதனால் நாங்கள் ஐந்து பேரும் கடைசி மணி அடிக்கும் வரை தண்ணீரே குடிப்பதில்லை.

ஒரே வருடத்தில் மூன்றாவது தடவை நீர்க்கடுப்பு வந்தபோது டாக்டரம்மாவிடம் சண்டைக்கே போனேன். தந்த மாத்திரையை ஒன்று விடாமல் தின்றவள் நான்.

"மாத்திரைக்கு எல்லா கிருமியும் சாவாது. கொஞ்சம் மூத்திரப்பை சுவருக்க உள்ள போய் ஒளிஞ்சிரும். மருந்து அங்க சரியா எட்டாது. அசையாம கெடந்துட்டு, பொறவு வெளிய வந்து பெருகும்," என்றார் அவர். "தண்ணி நல்லா குடிங்க. அடக்கி வைக்காதிய."

மறுநாள் பாட்டிலோடு போனேன். பதினோரு மணிக்குச் சாவி வாங்கினேன். பன்னிரண்டரைக்கு மறுபடி போய் நின்றபோது, ஒரு மாணவனின் அப்பா முன்னால் வைத்து தலைமையாசிரியர் அதே கேள்வியைக் கேட்டார். திரும்பி வந்து, மிச்சத் தண்ணீரைக் குரோட்டன்ஸ் செடிக்கு ஊற்றினேன்.

நான்காவது தடவை போனபோது டாக்டரம்மா கேட்டார், "தண்ணி குடிக்கியளா?"

"குடிக்கேன்," என்றேன்.

கண்ணுக்குத் தெரியாத அந்தக் கிருமி, யாரிடமும் சாவி கேட்காமல், எனக்குள் ஓர் அறை பார்த்துக் குடியிருந்தது.