தூக்கிக் கட்டிய கம்பி

என் தம்பி மேல்நிலைப் பள்ளியில் வேலை பார்க்கிறான். கோடை விடுமுறையில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளை மருந்துக்கடை, அச்சகம், தச்சுப்பட்டறை என்று ஒரு மாதப் பயிற்சிக்கு அனுப்புவது அவன் பொறுப்பு. எட்டாவதோடு நின்றுவிட்ட எனக்கு அதில் எவ்வளவு பெருமை என்று சொல்லி முடியாது. எந்த இடமானாலும் முதலில் அவனே ஒரு நாள் அங்கே வேலை செய்து பார்ப்பான். மீன் பதப்படுத்தும் கூடத்திலிருந்து வந்த அன்று வீட்டில் யாரும் அவன் பக்கத்தில் உட்காரவில்லை.

நான் வேலை பார்த்தது சலவைக்கூடத்தில். மருத்துவமனைப் படுக்கை விரிப்புகள் அங்கே வரும். "ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் இடம் பாக்குறான், உனக்கு ஒரு நல்ல இடம் பாக்க மாட்டானா?" என்று கூட இருப்பவர்கள் சீண்டுவார்கள். இந்தக் கோடையில் பயிற்சிக்கு இடம் கிடைக்காமல் நின்ற இரண்டு பள்ளிப் பெண்களுக்காக நான்தான் மேலாளரிடம் பேசினேன். துணி மடிக்கும் மேசையில் மட்டும் என்று பேச்சு; தம்பியும் அந்த மேசையில்தான் ஒரு நாள் வேலை செய்து பார்த்தான்.

இரண்டாம் வாரம், இஸ்திரி உருளையில் விரிப்பைக் கொடுக்கும் ஆள் வரவில்லை. மேலாளர் அந்தப் பெண்களை அங்கே நிறுத்தினார். சூடான உருளைக்கு முன்னால் ஒரு கம்பி உண்டு. கை பட்டால் இயந்திரம் நின்றுவிடும். அடிக்கடி நின்று வேலை கெடுகிறது என்று அதைக் கிழிந்த துணியால் மேலே தூக்கிக் கட்டியிருந்தார்கள். வேண்டாம் சார் என்றேன். அரை நாள்தானே என்றார். நான் அந்தப் பெண்களை ஒட்டியே நின்றுகொண்டேன்.

பயிற்சியைப் பார்க்கத் தம்பி வந்தது அப்போதுதான். கம்பியைப் பார்த்தவன் யாரையும் கேட்காமல் இயந்திரத்தை நிறுத்தினான்.

மேலாளர் பதறவில்லை. "இன்னைக்கு ஒரு நாள்தான் சார் கட்டினோம். உங்க அக்காவையே கேளுங்க."

நான் வாய் திறக்கப் போனேன்.

"அவங்களைக் கேக்க வேண்டியதில்ல. நானே பாத்தாச்சு" என்று சொல்லிவிட்டு அவன் பெண்களை அழைத்துக்கொண்டு போய்விட்டான். சாயங்காலம் மேலாளர் என்னை இனி வர வேண்டாம் என்றார்.

வீட்டில் அவன் சாப்பிடாமல் தட்டில் சோற்றை அளைந்துகொண்டிருந்தான். "உன்னை மாட்டிவிடக் கூடாதுன்னுதான்க்கா பேச விடல."

"வேலை எப்படியும் போச்சு. நாலு பேர் முன்னாடி நானும் அந்தப் பொய்க்குத் துணை நின்ன மாதிரி ஆயிடுச்சே. கம்பி எப்பவுமே கட்டித்தான் இருக்கும். புகார் எழுது. நான் சொன்னேன்னே எழுது."

கூடத்தை மூடிவிட்டால் மற்றவர்கள் என்ன ஆவார்கள் என்று கேட்டான். இருந்தும் எழுதச் சொன்னேன்.

சலவைக்கூடம் இப்போது மூடிக்கிடக்கிறது. கடைத்தெருவில் என்னோடு வேலை செய்தவர்களைக் கண்டால் தம்பி பேசப் போகிறான். அவர்கள் நிற்பதில்லை.