எஞ்சினுக்கு வந்த இங்கிலீசு வியாதிகள்

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஜெபப் புத்தகத்தை எழுத்துக் கூட்டி வாசிப்பேன். கையெழுத்தும் போடுவேன், கொஞ்சம் நேரம் தந்தால். ஆனால் பழுதுக்கு இங்கிலீசில் எத்தனை சொல் உண்டென்று கேட்டால், படித்தவர்களைவிடக் கூடச் சொல்லுவேன். எல்லாம் ஒரே எஞ்சினை வைத்து ஒரே மெக்கானிக் படிப்பித்தது.

பேசாலைக் கரையில் எங்களுக்குத் தமிழ்ச் சொற்களே போதுமாக இருந்தன. வலை என்றால் கிழிந்தது. வள்ளம் என்றால் ஓட்டை. மீன் என்றால் நாறினது. மாப்பிள்ளை என்றால் சரிவராது. அதோடு கதை முடியும். எஞ்சின் வந்த பிறகுதான் எங்கள் பழுதுகளுக்கும் ஒரு மரியாதை வந்தது.

என் மனுசன் அதுவரை பாய் விரித்து ஓடினவர். எஞ்சின் வாங்கின அன்று அதைக் கைக்குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு வந்தார். எங்கள் குழந்தைகளை அவர் அப்படித் தூக்கி நான் பார்த்ததில்லை. அது ஒரு வருசம் ஒழுங்காக ஓடியது. அந்த வருசத் திருநாள் முடிந்த திங்கட்கிழமை, கரையிலிருந்து கூப்பிடு தூரம் போய் இரண்டு தரம் இருமி நின்றுவிட்டது. மனுசன் தண்டு வலித்துத் திரும்பி வந்தார்.

எஞ்சினை மன்னார் ரவுணுக்கு பஸ்ஸில் கொண்டுபோனோம். மெக்கானிக் அதன் தலையில் கையை வைத்துக் கண்ணை மூடினான். எங்கள் சுவாமியார்கூடப் பூசையில் அவ்வளவு நேரம் கண்ணை மூடமாட்டார்.

"அண்ணை, இதில ஒரு ட்ரபிள் இருக்குது."

"அதுதானே தம்பி கொண்டு வந்தனாங்கள்" என்றேன் நான்.

அவன் கடையில் ஒரு தகரப் பீப்பாய் நிறையத் தண்ணீர் இருந்தது. எஞ்சினை அதில் மாட்டி இழுத்தான். அருமையாகப் பாடியது. வீட்டுக்குக் கொண்டுவந்து வள்ளத்தில் பூட்டினோம். போன இடத்திலேயே நின்றது. திரும்பக் கொண்டுபோனோம். இந்த முறை ட்ரபிள் இல்லை, கோயில் வீக்காம்; நாங்கள் கும்பிடுகிற கோயில் இல்லை, எஞ்சினுக்குள் இருக்கிற கம்பிச்சுருள். அதற்கடுத்த முறை காபரேற்றர் புளொக். பிறகு எங்கேயோ வயர் ஷோட். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கிழமை. சொல் எவ்வளவு சின்னதோ அவ்வளவு பெரிய சாமானைக் கழற்றினான். ஒவ்வொரு முறையும் பீப்பாயில் பாடியது, கடலில் செத்தது.

அதற்குள் சூடை மீன் கரைக்கு வந்துவிட்டது. மற்ற வள்ளங்கள் நிறைந்து வந்தன. பக்கத்துச் சம்மாட்டி, ஆட்களை வைத்துத் தொழில் செய்கிற பெரிய ஆள், எங்கள் வேலிப் படலையில் வந்து நின்று என் மனுசனைக் கூப்பிட்டார்.

"சும்மா ஏன் இருக்கிறாய்? என்ர வள்ளத்தில ஏறன். ஒரு ஆள் குறையுது."

என் மனுசன் கிழியாத வலையை எடுத்துப் பொத்தத் தொடங்கினார். சொந்த வள்ளத்தின் முன் அணியத்தில் நின்றவர், இன்னொருவன் வள்ளத்தில் தண்ணீர் இறைக்கப் போவதா? நான்தான் வாயைத் திறந்தேன்.

"எங்கட எஞ்சின் நாளைக்கு வந்திடும்."

"எந்த நாளைக்கு?" என்று கேட்டுச் சிரித்துக்கொண்டு போனார்.

கடைசியில் மெக்கானிக்கே கரைக்கு வந்தான். எஞ்சின் அவன் முன்னாலேயே இருமி நின்றது. தொப்பியைக் கழற்றினான், செத்தவீட்டில் கழற்றுகிற மாதிரி.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ. இது கண்டெம், இனி உதவாது. கடைக்குக் கொண்டு வாங்கோ, நல்ல பாட்ஸை மட்டும் நான் எடுக்கிறன்."

அன்றிரவு மனுசன் சோறு தின்னவில்லை. விடிய நானும் கூடப் போனேன். கழற்றுவதற்கு முன், எது நல்ல சாமான் என்று பார்க்க அவன் அதைப் பீப்பாயில் மாட்டி ஒருதரம் இழுத்தான். செத்த எஞ்சின் கோயில் மணிபோல ஓடியது.

"கண்டெம் எண்டனீர்?" என்றேன்.

"இது கடைசி மூச்சு அக்கா."

"கடைசி மூச்சு இவ்வளவு நீளமோ? தம்பி, இதுக்கு இப்ப எண்ணெய் எங்கயிருந்து போகுது?"

"என்ர எண்ணெய்க் கானிலயிருந்து. உங்கட டாங்கியை நீங்கள் ஒருநாளும் கொண்டரேல்லையே."

டாங்கி என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குத் திருநாள் ஞாபகம் வந்தது.

எங்கள் ஊரில் திருநாளன்று சுவாமியார் கரைக்கு வந்து வள்ளங்களுக்குத் தீர்த்தம் தெளிப்பார். அந்த வருசம் வள்ளத்துக்குக் கிடைத்தது. எஞ்சின் வீட்டில் சாக்கால் மூடிக் கிடந்ததால் அதற்கு ஒரு துளியும் கிடைக்கவில்லை. வாங்கி ஒரு வருசமாகியும் மந்திரிக்காத பொருளைக் கடலுக்கு விடலாமா? கோயிலில் ஒரு போத்தல் தீர்த்தம் வாங்கி வந்தேன். எஞ்சினுக்கு மேலே தண்ணீர் பட்டால் துருப்பிடிக்கும் என்று மனுசன் சொல்லியிருந்தார். டாங்கிக்குள் ஊற்றக்கூடாது என்று அவர் சொல்லவில்லை.

மெக்கானிக் திருகாணிச் சாவியைக் கையில் எடுத்துவிட்டான். இன்னும் ஒரு நிமிசம் நான் வாயை மூடியிருந்தால் எஞ்சின் துண்டு துண்டாகும், என் மனுசன் சம்மாட்டியின் வள்ளத்தில் ஏறுவார். என் மானமும் அவர் மானமும் ஒரே பீப்பாயில் ஓடிக்கொண்டிருந்தன.

"கழட்டாதேயும்" என்றேன். "டாங்கிக்குள்ள நான் தீர்த்தம் ஊத்தினனான்."

மனுசன் என்னைப் பார்த்தார். "எவ்வளவு?"

"ஒரு போத்தல்."

"முழுப் போத்தலோ?"

"திருநாள் தீர்த்தத்தை அரைவாசி ஊத்திறதோ?"

மெக்கானிக் சாவியை மெல்லக் கீழே வைத்தான். "வாட்டர் மிக்ஸ்" என்றான். "நான் முதலே யோசிச்சனான்."

"யோசிச்சுப்போட்டே நாலு கிழமை வேற இடத்தில தேடினீர்?" என்றேன். "எனக்குக் கோயில் தண்ணியில பிழை. உமக்கு எந்தத் தண்ணியில?"

என் மனுசனுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது சிரிப்பு. கதிரையில் இருந்தபடியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மெக்கானிக் சிரிக்கவில்லை. எஞ்சினை அவனே பஸ் நிலையம் வரை சுமந்து வந்து தந்தான்.

வீட்டுக்கு வந்ததும் மனுசன் டாங்கியை வேலியோரம் கவிழ்க்கப் போனார். நான் விடவில்லை. மந்திரித்த தண்ணீரைக் கண்ட கண்ட இடத்தில் ஊற்றக்கூடாது, கால்படாத இடத்தில்தான் ஊற்ற வேண்டும். மண்ணெண்ணெயோடு சேர்த்து என் முருங்கை மரத்தடியில் பக்தியாக ஊற்றினேன்.

அடுத்தநாள் எஞ்சின் சம்மாட்டியின் வள்ளத்தை முந்திக்கொண்டு போனது. பிறகும் எட்டு வருசம் ஓடியது. முருங்கை அந்தக் கிழமையே பட்டுப்போயிற்று. அதற்கு இங்கிலீசில் என்ன சொல் என்று நான் போய்க் கேட்கவில்லை.